அசலாளுக்குச் சொல்வது

துஷாந்தினி மிஸ் எனக்கு மாத்திரை எழுதித் தரவில்லை. ஒரு வேலை தந்தார். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

“மனசுக்குள்ள சொன்னா கணக்குல வராது, சுதர்ஷினி. ஆளோட மொகத்தப் பாத்து, வாயத் தெறந்து சொல்லணும். எதுக்குன்னும் சொல்லணும்.”

“சொன்னா தூக்கம் வருமா மிஸ்?”

“சொல்லிப் பாருங்களேன். வரலேன்னா வந்து என்னைய ஏசுங்க.”

பதுளை ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில், மிஸ்ஸின் அந்தச் சின்ன அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது அக்காதான். அம்மாவின் சாவுக்குக் கொழும்பிலிருந்து வந்த நான் திரும்பிப் போகவில்லை. வெள்ளவத்தையில் நான் நின்ற துணிக்கடையில் வேறு பிள்ளையைப் போட்டுவிட்டார்கள். அதுகூட எனக்கு உறைக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன், வாய்க்குப் போகாது. அக்கா கலாராணி அன்றைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகாமல், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மடியில் குடையை வைத்துக்கொண்டு, கிளினிக் வாசல் பெஞ்சில் எனக்காகக் காத்திருந்தாள். வெளியே வந்ததும் முதல் கேள்வி, “என்னா சொன்னாங்க?”

சொன்னேன். அவள் சிரித்தாள். “இதுக்கா பஸ் ஏறி வந்தோம்?”

அவள் சிரித்ததில் தப்பில்லை. எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், நன்றி என்ற சொல்லை நான் மேடையில்தான் கேட்டிருக்கிறேன். கோயில் திருவிழாவின் கடைசியில் யாராவது மைக்கைப் பிடித்து நன்றியுரை சொல்வார்கள். அதற்குள் பாதிப் பேர் பாயைச் சுருட்டிவிட்டிருப்பார்கள். மற்றபடி அது வெளியாளுக்குச் சொல்வது. தோட்டத்து ஐயாவுக்கு, ஆஸ்பத்திரியில் நர்ஸ் நோனாவுக்கு. “நன்றிங்க” என்று அந்த ‘ங்க’வோடு சேர்த்துச் சொல்லி, ஓரடி பின்னால் நகர்ந்துகொள்வோம். வீட்டு ஆளுக்கு யாரும் சொல்வதில்லை. அம்மா கையிலிருந்து தட்டை வாங்கினால் வாங்கியதுதான். சொன்னால் அது குத்தலாகிவிடும்.

முதல் நாள் பஸ் கண்டக்டருக்குச் சொன்னேன். மழையில் ஓடி வந்த எனக்காக ஹாலிஎல திருப்பத்தில் பஸ்ஸை நிறுத்தியிருந்தான். “ஸ்தூதி மல்லி, நிப்பாட்டினதுக்கு” என்று சிங்களமும் தமிழுமாகச் சொன்னேன். அவன் மிச்சக் காசை எண்ணுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். காதுவரை சிவந்துபோனான். இறங்கும்போது என் பையைத் தூக்கிக் கையில் கொடுத்தான்.

அடுத்த நாள், பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பொன்னையா மாமா எங்கள் கூரைத் தகரத்தில் ஆணி அடித்துக் கொடுத்தார்.

“நன்றி மாமா. ராத்திரி ஒழுகாம இருக்கும்.”

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே பார்த்து, “ஏய் கலா, ஒந்தங்கச்சிக்கு காச்ச கீச்ச அடிக்குதா பாரு” என்றார்.

அன்றைக்கே லயம் முழுக்கப் பரவிவிட்டது. நான் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால், “வழி விடுங்கடி, நன்றியுரை வருது” என்பார்கள். “எனக்கும் ஒண்ணு சொல்லிட்டுப் போ, புண்ணியமாப் போவும்” என்பாள் ஒருத்தி. “நாளைக்கு மைக் செட்டு கட்டவா?” என்பார் மாமா. எனக்கும் சிரிப்பு வந்தது. என் சிரிப்பை நானே கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று யோசித்தேன்.

மிஸ் சொன்னதில் ஏதோ இருந்தது. அது என்னவென்று நான் என்னையே கவனித்துப் பார்த்தேன். நன்றி சொல்ல வேண்டுமென்றால் காலையிலிருந்தே யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் என்னைப் பார்ப்பதில்லை. அவ்வளவுதான். அந்த இடைவெளியில் பசி வந்தது. பிறகு தூக்கமும் வந்தது, முழுசாக இல்லாவிட்டாலும்.

அக்காவுக்குச் சொல்லிப் பார்த்த நாள் மட்டும் சரியாகப் போகவில்லை. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாள்.

“நன்றிக்கா.”

அவள் தலைத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். “இந்தா, அந்தக் கூத்தயெல்லாம் வெளிய வச்சுக்க. என்னைய அசலாளாக்காத.”

அசலாள், எங்கோ பிறந்து எங்கோ இருக்கிற ஆள். அவள் முகம் உண்மையாகவே வாடிவிட்டது. அதனால் அவளுக்கு அந்தச் சொல் இல்லாமல் வேறு எப்படியாவது சொல்ல வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அவளுக்குத்தான் நான் எல்லோரையும் விடக் கடமைப்பட்டிருந்தேன்.

அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு ஐந்து வருஷம் அக்காதான் பார்த்தாள். நான் கொழும்பிலிருந்து பணம் அனுப்பினேன், தீபாவளிக்கு வந்தேன். அவளுக்கு வந்த வரன்கள் அம்மா படுத்திருந்த கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. ஆனால் நான் சொல்ல நினைத்தது அதற்காக மட்டுமல்ல. ஒரு வாக்கியத்துக்காக.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது அக்கா போனில், “சளிதான். லீவு கேட்டு மல்லுக்கட்டாத” என்றாள். அடுத்து வந்த செய்தி சாவுச் செய்தி. நான் வந்து இறங்கி அம்மாவின் கால்மாட்டில் விழுந்து, கடைசியாக ஒரு தடவை பார்க்கவில்லையே என்று அழுதபோது, அக்கா என் முதுகைத் தடவிச் சொன்னாள்: “அதுக்கு நெனவே இல்லடி. நீ வந்திருந்தாலும் ஒன்னய தெரிஞ்சிருக்காது.”

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். அம்மா என்னைத் தேடவில்லை. தேடும் நிலையில் இல்லை. விழித்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் அதை எனக்கே சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் பேச்சுவாக்கில் அக்கா சொன்னாள், வார்டில் பக்கத்துக் கட்டில்காரியின் மகன், பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கும் நௌபர் நானா, தன் உம்மாவுக்குக் கொண்டுவரும் சுடுதண்ணீரில் அம்மாவுக்கும் ஊற்றிக் கொடுப்பாராம்.

“அவருக்குச் சொல்லணும்க்கா நான்.”

“அவருக்கெதுக்கு? எத்தனையோ பேரு வந்து போற எடம். மறந்திருப்பாரு, விடு.”

விடவில்லை. கிளினிக் போகும் நாளில் பஜாருக்குள் போய்க் கேட்டுக் கேட்டுக் கடையைக் கண்டுபிடித்தேன். வாசல் முழுக்க ரப்பர் செருப்புகள் தோரணமாகத் தொங்கின. அவர் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் போகும்வரை நின்றேன்.

“நானா, எங்கம்மா பெரியாயி. ஆஸ்பத்திரியில உங்க உம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில். அம்மாவுக்கு சுடுதண்ணி குடுத்தீங்களாம். அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்.”

அவர் எழுந்து நின்றார். சந்தோஷப்பட்டது தெரிந்தது. “அட, ஜன்னலோரத்து அம்மாவா? இதுக்காகவா தேடி வந்தீங்க? இருங்க, இப்படி இருங்க.” ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டார். “நீங்க பெரியவங்களுக்கு அடுத்தவங்களா? கொழும்புல இருக்கிற சின்ன மக?”

“ஆமாங்க. என்னைய எப்படித் தெரியும்?”

“தெரியாம? வாயி கொஞ்சம் கோணலா இருந்தாலும் பேச்சு வெளங்குமே. சின்னவ எப்ப வருவா, சின்னவ எப்ப வருவான்னு எங்க உம்மாகிட்ட கேட்டுக்கிட்டே இருப்பாங்க. உம்மாவுக்கு நீங்க என்னா சாப்பிடுவீங்கங்கிறதுகூட மனப்பாடம்.”

நான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“நெனவில்லாம இருந்தாங்கன்னு…”

“அது கடைசி நாளு. அதுக்கு முன்னால நல்ல நெனவு. ஒரு நாளு அழுகிறாங்கன்னு நான்தான் என் போன உங்க அக்காகிட்ட குடுத்தேன், அவங்க போன்ல காசு இல்லேன்னாங்க. அவங்க பேசிட்டு வந்து, ‘தங்கச்சிக்கு வர ஏலாதாம்மா, வேல இருக்காம்’னு சொன்னாங்க.”

“அம்மா என்ன சொன்னிச்சு?”

“‘பரவால்ல, புள்ள வேலயப் பாக்கட்டும்’னாங்க. சொல்லிட்டு செவத்துப் பக்கமாத் திரும்பிக்கிட்டாங்க.” என் முகத்தைப் பார்த்து அவர் பதறினார். “தங்கச்சி, நீங்க மனச விடாதீங்க. லீவு தரலேன்னா நீங்க என்னா செய்யிற? யாரும் உங்கள குத்தம் சொல்ல மாட்டாங்க.”

நான் செய்யாத குற்றத்துக்கு அவர் என்னை மன்னித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்படி ஒரு போன் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அக்காவை ஒரு கடைக்குள் வைத்துக் காட்டிக்கொடுக்க அப்போதும் எனக்கு மனம் வரவில்லை.

கிளினிக்குக்குப் போகாமல் பஸ் ஏறினேன். அன்றைக்கு யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடியில் என் முகம் மட்டும் தெரிந்துகொண்டு வந்தது. அம்மா திரும்பிப் படுத்துக்கொண்ட அந்தச் சுவரை நான் பார்த்ததில்லை. என்ன நிறமென்றுகூடத் தெரியாது. சின்னவள் வரமாட்டாள் என்று தெரிந்துகொண்டு அம்மா போயிருக்கிறாள். இதைத் திருத்த நான் யாரிடம் போவது? செத்துப்போனவளிடம் ‘அது பொய்யம்மா’ என்று சொல்ல எந்த பஸ்ஸும் போவதில்லை.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைத்திருந்தாள். ஈரக் கால்களில் அட்டை கடித்த இடத்தில் சவர்க்காரம் தடவியிருந்தது.

“வந்துட்டியா? கருவாடு பொரிச்சி வச்சிருக்கேன், ஒனக்குப் புடிக்குமேன்னு. மிஸ் என்னா சொன்னாங்க?”

“நௌபர் நானாவப் பாத்தேன்.”

அவள் அடுப்பை ஊதினாள். தேவையில்லாமல் இன்னொரு தடவை ஊதினாள். “அவருக்கும் நன்றியுரையா?”

“சொன்னேன். அவரும் எனக்கு ஒண்ணு சொன்னாரு.” நான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டேன். “அந்த போன்ல யாருகூடக்கா பேசின?”

அவள் பொய் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்ல வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். நல்ல பொய்யாக ஒன்றைச் சொன்னால் நம்பிவிடத் தயாராக இருந்தேன்.

“யாருகூடயும் இல்ல,” என்றாள். “நம்பர அமுத்தல. சும்மா காதுல வச்சிக்கிட்டுப் பேசினேன்.”

“ஏன்?”

“ஏன்னா கேக்குற?” எழுந்து நின்றாள். “அஞ்சு வருசம் பீ மூத்திரம் அள்ளினேன். தலைக்குச் சீவி, தண்ணி வாத்து, வாயில ஊட்டினேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ‘நீ இருக்கப் போயிதாண்டி நான் கெடக்குறேன்’னு அது வாய்ல வந்திருக்குமா? சின்னவ சாப்பிட்டாளா. சின்னவளுக்குக் குளிருமே. கொழும்புல என்னாடி குளிரு? நான் எதுக்க நிக்கிறேன், என்னையத் தாண்டி வாசலப் பாக்குது. நீ வரமாட்டேன்னு தெரிஞ்சா என்னையப் பாக்கும்னு நெனச்சேன்.”

“பாத்துச்சா?”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “செவத்தப் பாத்துச்சு.”

எனக்கு அவளைப் புரிந்தது. அதுதான் கொடுமை. அம்மா கெட்டவளில்லை, சொந்தப் பிள்ளைக்கு எதற்கு நன்றி என்று இருந்துவிட்டாள், நாங்கள் எல்லோரும் இருப்பதுபோல. அக்காவும் தேத்தண்ணிக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்கிறவள்தான். அப்படிக் கோபித்துக்கொண்டே ஐந்து வருஷம் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்திருக்கிறாள். எல்லாம் புரிந்தது, ஆனால் புரிந்ததால் ஒன்றும் குறையவில்லை. என் அம்மாவின் கடைசி நினைப்பிலிருந்து என்னை எடுத்தது இந்தக் கைதான். என் முதுகைத் தடவியதும் இதே கைதான். என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய், எதனால் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று தெரிந்துகொள்ள வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தவளும் இவள்தான்.

“பேசுடி,” என்றாள். “ஏசு. அடிச்சுக்கூடப் போடு, வாங்கிக்கிறேன். இப்படி நிக்காத.”

ஏசியிருக்கலாம். தலைமுடியைப் பிடித்து இழுத்து, இருவரும் அழுது, பொன்னையா மாமா வந்து விலக்கிவிட்டு, ராத்திரி ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கலாம். ஏச்சும் அடியும் வீட்டு ஆட்களுக்கு உள்ளவை. அவள் அதைத்தான் கேட்டாள்.

நான் அவளுக்கு நேராக வந்து நின்றேன். மிஸ் சொன்னபடி முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். எதற்கு என்பதையும் சொன்னேன்.

“அம்மாவ அஞ்சு வருசம் பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி…”

அவள் முகம் இளகியது. கேட்க மாட்டோம் என்று விட்டுவிட்ட ஒன்றைக் கேட்டதுபோல என் பக்கம் ஒரு கையை நீட்டினாள். நான் மீதியையும் சொன்னேன்.

“…ங்க.”

சொல்லிவிட்டு, ஐயாமார் முன்னால் செய்வதுபோல ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

நெஞ்சு லேசானது. பொய் சொல்லக்கூடாது, கண்டக்டருக்குச் சொன்ன நாளைவிட லேசானது. அப்படி ஆகும் என்று நான் நினைத்திருக்கவில்லை. எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நீட்டிய கையை அக்கா எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு குனிந்து அடுப்பை அணைத்தாள். கருவாட்டுச் சட்டியை ஒரு தட்டால் மூடி, என் பக்கமாக நகர்த்தி வைத்தாள். உள் காம்பராவுக்குப் போகும் வழியில், என்னைப் பார்க்காமல், ஆஸ்பத்திரி நோனாவிடம் பேசும் குரலில் சொன்னாள்:

“சோறு பானையில இருக்கு. போட்டுச் சாப்பிடுங்க.”