மெத்தைக் கடை மாடியில் ஒரு மெட்டு

அண்ணன், கம்பியை மீட்டும் சின்ன வில்லையான கிட்டார் பிக்கைப் பல்லில் கவ்விக்கொண்டான். எங்கள் குழுவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இந்த மெட்டை ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள், நிறுத்து. தூண் பாதியிலேயே கையை எடுத்துவிட்டு பேஸ் கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டான். மேடையில் என்ன ஆட்டம் நடந்தாலும் நின்ற இடத்தைவிட்டு அசைய மாட்டான் என்பதால் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர்தான் தூண். வாரம் முழுக்கப் பார்சல் வேன் ஓட்டுகிறவன், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் முனகி முனகிச் சேர்த்த மெட்டு. ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

“எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லட்டுமா?” என்றான் அண்ணன்.

“வேணாம், விடு. எனக்கே லேசா டவுட்டு இருந்துச்சு.”

பாவம், அவனுக்கு ஒரு டவுட்டும் இருந்திருக்காது.

அண்ணியின் அப்பா நடத்தும் மெத்தைக் கடையின் மாடி இது. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. விற்காத மெத்தைகளைச் சுவர் முழுக்கச் சாய்த்து வைத்திருப்பதால் சத்தம் தெருவுக்குப் போகாது. நான் பெரிய டிரம்மை மிதிக்கும்போதெல்லாம் அவற்றின் பிளாஸ்டிக் உறைகள் மட்டும் சரசரக்கும். இங்கே பாட்டும் அண்ணன், கிட்டாரும் அண்ணன், தீர்ப்பும் அண்ணன். மற்ற நாட்களில் கண்ணாடிக் கடையில் அடுத்தவர் மூக்குக்கு ஃபிரேம் பொருத்துகிறான். அங்கே அப்படியொரு பொறுமையாம், அண்ணி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். இந்த மாடிக்கு வந்துவிட்டால் போதும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருட்டுச் சரக்கைத் தேட ஆரம்பித்துவிடுவான்.

“ராக்ல இனிமே ஒண்ணும் இல்ல. நாம பொறக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சுட்டானுங்க. இப்ப வர்றவன் அரைச்ச மாவையே கம்ப்யூட்டர்ல போட்டு அரைக்கறான்” என்பான். பாதி உண்மைதான் என்று எனக்கும் தோன்றும். இப்போது வருகிற பல பாட்டுகளில் டிரம்ஸ், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கிறது. அடிக்கிற ஆளுக்கு மூச்சு வாங்குவதே இல்லை. ஆனால் எல்லாமே அப்படியா? நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். போன மாதம் வந்த ஒரு பாட்டுக்காக, பாடம் முடிந்து திரும்பும் வழியில் காரை ஓரங்கட்டிவிட்டு, அது முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அதை அண்ணனுக்கு அனுப்பினால் எந்தப் பழைய பாட்டின் எந்தத் துண்டு என்று பதில் வந்தது. பிறந்த குழந்தையைப் பார்க்க வந்து, மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது என்று பங்கு போடுகிற சொந்தக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரகம். ராக் இசையில் பொறி அணைந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டு இவன் காது நிறைந்துவிட்டது, அது மட்டும் தெரியும். எங்கள் குழு சொந்தமாக ஒரு பாட்டு போட்டுப் பல வருடம் ஆகிறது.

வேறொரு குழு என்னைக் கூப்பிட்டிருந்தது. எல்லாம் அவர்களே போடும் பாட்டு. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். தூணிடம் மட்டும் சொல்லி, மூச்சு விடாதே என்றிருந்தேன். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்: நான் போட்ட மெட்டை இன்று வாசிப்பேன். பிக் பல்லுக்குப் போனால் நானும் போய்விடுவேன். போகாவிட்டால் இங்கேயே இருப்பேன்.

டிரம்ஸை அடித்துக்கொண்டே, வார்த்தை இல்லாமல் வெறும் ‘லா லா’வில் பாடினேன். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டான். பிக் பிடித்த வலது கை முழங்கால் மேலேயே கிடந்தது. இரண்டாவது சுற்று வந்தது, அப்போதும் கை எழவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். அப்போதுதான் அவன் இடது கையைப் பார்த்தேன். விரல்கள் சத்தமே இல்லாமல் கம்பிகளின் மேல் நகர்ந்துகொண்டிருந்தன. நான் பாடப் போகிற இடத்துக்கு எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டன.

“நல்லா இருக்கு. புதுசா இருக்கு. இதை வாசிக்கலாம்” என்றான் அண்ணன்.

தூண் குனிந்து, சரியாகவே இருந்த ஒயரைச் சரிசெய்தான். வேறு குழு கூப்பிட்டதை அண்ணனிடம் உளறிவிட்டான் என்று புரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிடக் கோபம். சொந்த மாமனார் ஆசையாக எழுதிய கடை விளம்பரப் பாட்டைக்கூட மூஞ்சிக்கு நேராகக் காப்பி என்று சொன்னவன் இவன்.

“எந்தப் பாட்டுண்ணா அது?”

“புதுசுன்னு சொல்றேன்ல.”

“உன் விரல் அப்படிச் சொல்லலையே.”

யாருடையதோ போல அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். பிறகு மெதுவாக, “நீ இல்லாம எனக்கு வாசிக்க வராது” என்றான்.

“அதுக்காகப் பொய் சொல்லி என்னை வெச்சுக்குவியா? அந்தப் பாட்டை வாசி. நான் கேக்கணும்.”

வாசித்தான். என் மெட்டேதான். வெட்கத்தில் காது சுட்டது. எந்த வயதில், எங்கே கேட்டேனோ, எனக்குள் குடியிருந்துவிட்டு என் பெயரைச் சொல்லிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. ஆனாலும் குச்சியை எடுத்தேன். என் மெட்டுக்கு அடித்ததையே அதற்கும் அடித்தேன். நாலாவது வரி திரும்பும் இடத்தில் அண்ணன் தடுக்கி நின்றான்.

“ஏய், ஒரு அடி ஜாஸ்தியா வருது.”

“வரட்டும்.”

“கணக்கு தப்புடி.”

“தெரியும். வாசி.”

கிளட்சிலிருந்து காலை எடுக்கப் பயந்து, கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஒரு கணம் தயங்குவார்கள். தினமும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அந்தத் தயக்கத்தை நானும் சேர்ந்து அனுபவிக்கிறேன். அந்த ஒரு அடி அங்கிருந்து வந்தது. மெட்டு யாருடையதாக இருந்தாலும் அந்த ஒரு அடிக்குச் சொந்தக்காரி நான்தான்.

அண்ணன் மறுபடி ஆரம்பித்தான். மறுபடி தடுக்கினான். “பழசை அப்படியே வாசிச்சா இங்க ஒக்காராது” என்று முணுமுணுத்தான். மூன்றாவது தடவை, தூணும் சேர்ந்துகொண்டான். அந்த இடம் நெருங்கியது. அண்ணனின் விரல்கள் கம்பிகளுக்கு மேலே, எதையும் தொடாமல், அந்தரத்தில் நின்றன. அங்கே வாசிக்க, அவன் கேட்ட எந்தப் பாட்டிலும் எதுவும் இல்லை. அவன் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. நான் அடிப்பதை நிறுத்தவில்லை.