'லயம்' என்று பெயர் வைத்தவள்

கறுத்த உடை, கறுத்த உதட்டுச்சாயம், கண்ணைச் சுற்றி அப்பிய மை. மகள் ஜெயந்தினி இந்தக் கோலத்தில் கொழும்பிலிருந்து வந்து இறங்கியதும், "ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்காளா?" என்று வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். வேலாயி "ஆமாங்க" என்று சொல்லிச் சமாளித்தாள். கோதிக் ராக் என்று வாயில் நுழையாத ஒரு பாட்டுவகைக்கு இதுதான் வேஷம் என்று விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

மையைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். கொழும்பில் பாடிக்கொண்டிருந்த இசைக்குழுவை விட்டு விலகித் தனியாகப் பாடி வெளியிடும் முதல் ஆல்பத்துக்கு ஜெயந்தினி 'லயம்' என்று பெயர் வைத்திருந்தாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "யாரு கேட்டாலும் ஹட்டன் டவுன்னு சொல்லு, லயம்னு வாயத் தொறக்காத" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை.

ஹட்டனில் வெளியீட்டு விழா. மண்டபம் நிறைந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த டீச்சரம்மா, "நீங்க எங்கங்க இருக்கீங்க?" என்று கேட்க, "இங்க டவுன்லதாங்க" என்றாள் வேலாயி, பழக்கதோஷத்தில்.

மேடையில் வானொலி அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "லயம் என்றால் இசையின் தாள ஒழுங்கு. எவ்வளவு பொருத்தமான பெயர்" என்று அழகாக ஆரம்பித்தார். வேலாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த மனுசன் நல்லா இருக்கட்டும். இதை இப்படியே விட்டுவிட்டால் போதும், சாமி.

ஜெயந்தினி விடவில்லை. "அதுவும் சரிதாங்க. ஆனா நான் வச்சது எங்க வீட்டோட பேரு. தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டின காம்பராங்க இருக்கே, அந்த லயம். அங்கதான் பொறந்தேன். எங்கம்மா இன்னமும் அங்கதான் இருக்காங்க."

வேலாயி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு குனிந்தாள்.

பேஸ் கிட்டார் உறுமியது, தப்பு மேளம் சேர்ந்துகொண்டது. செத்த பின்னும் விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து, வேலைக்காக வரிசையில் நிற்கிற பேய்களின் பாட்டு அது. ஒவ்வொரு பேய்க்கும் ஜெயந்தினி அடித்தொண்டையில் குரல் கொடுத்தாள். வேலாயிக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருசமாக மழையிலும் பனியிலும் அந்தப் பெரட்டில் நின்றவள் அவள். அதைப் பாடி இவ்வளவு பெரிய மண்டபத்தையே வாயடைக்க வைத்தவள், அவள் பெற்ற பிள்ளை. பெருமை நெஞ்சுகொள்ளவில்லை. எப்போது நிமிர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கைதட்டல் ஓய்ந்ததும் டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அந்தப் புள்ளையோட அம்மா வந்திருக்காங்களா, தெரியுமாங்க?"

வேலாயி எழுந்தே நின்றுவிட்டாள். "நாந்தாங்க. டவுன்னு சொன்னது பொய்ங்க. நாங்க லயத்துலதான் இருக்கோம்."