நாலாம் பக்கம்

"‘தூக்கம் கெடும். பசி போகும். நாளை என்று ஒன்று இருப்பதாகவே தோன்றாது.’ காபி எங்க?" என்று நிலைக்கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார் தணிகாசலம்.

பூவம்மாள் டம்ளரோடு வந்தாள். கண்ணாடிக்குள் இருந்த கணவர் கண்ணாடிக்கு வெளியே இருந்தவரைவிடக் கம்பீரமாகத் தெரிந்தார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான தணிகாசலத்துக்குத் ‘தன்னம்பிக்கைத் தென்றல்’ என்று ஒரு பட்டம் உண்டு. கொடுத்தது ஏதோ ஒரு சங்கம். பெயரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அவரேதான். பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தில் அவருக்குப் போர்த்தியதெல்லாம் பாலியஸ்டர் பொன்னாடைகள். நாற்பத்து மூன்று. பீரோவில் ஒரு தட்டு முழுக்க அவைதான். கையில் தாள் இல்லாவிட்டால் அந்தத் தென்றல் வீசாது என்பது மட்டும் வீட்டு ரகசியம்.

இன்று தற்கொலைத் தடுப்பு நாள். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் பதினோரு மணிக்கு அவர் பேச வேண்டும். ஏழு பக்கம் டைப் செய்து வைத்திருந்தார். பத்து நாளாகக் கண்ணாடி முன் ஒத்திகை. முதல் இரண்டு நாள் குக்கர் விசிலைக் கேட்பதுபோல்தான் பூவம்மாள் அதைக் கேட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியும் கையில் பிடித்த கரண்டியை நிறுத்தியது.

‘தூக்கம் கெடும்.’ விடியலில் வாசல் தெளிக்க எழுந்தால் மூத்த மகள் அகிலா ஏற்கெனவே உட்கார்ந்திருப்பாள். விரித்த பாயில் ஒரு சுருக்கம் இருக்காது.

‘பிறருக்குத் தான் பாரம் என்று நினைப்பார்கள்.’ போன வாரம் இரண்டாவது தோசையைத் தள்ளிவிட்டு, "என்னாலதானேம்மா உங்களுக்கு இவ்ளோ கஷ்டம்" என்றாள்.

‘ஆசையாக வைத்திருந்த பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுவார்கள்.’ அகிலா தன் முதல் சம்பளத்தில் வாங்கிய கைக்கடிகாரம் நேற்று தங்கை அபிநயாவின் கையில் இருந்தது.

இப்போது தணிகாசலம் விரலை உயர்த்தினார். அந்த இடத்தில் எப்போதும் உயர்த்துவார். "‘நீண்ட நாள் கலங்கியிருந்தவர் திடீரென்று அமைதியாகிவிட்டால், தேறிவிட்டார் என்று ஏமாந்துவிடாதீர்கள்!’"

குளியலறைக்குள்ளிருந்து அகிலா ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. பத்து மாதமாகக் கேட்காத குரல். பூவம்மாள் கணவரின் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நம்ம அகிலாவும் இப்படித்தான..."

"குறுக்க பேசாத. ஃப்ளோ போயிடுது."

பத்து மாதத்துக்கு முன் இரண்டாவது கருவும் கலைந்தபோது, ராசியில்லாதவள் என்று சொல்லி அகிலாவைத் திருப்பி அனுப்பினார்கள் புகுந்த வீட்டார். பிறந்த வீட்டார் அதை வார்த்தையால் சொல்லவில்லை. அபிநயாவைப் பெண் பார்க்க யாராவது வந்தால் மூத்தவளை மாடியறைக்கு அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். வாழாமல் வந்தவள் எதிரில் வந்தால் சகுனம் கெடும் என்பது தெருவின் சட்டம். வந்தவர்களிடம், மூத்தவள் புருஷனோடு பெங்களூரில் இருப்பதாகச் சொல்வார் தணிகாசலம்.

போன முறை அகிலா மாடியில் தும்மிவிட்டாள். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"பூனை" என்றார் தணிகாசலம். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மாடிக்கும் கேட்டது.

இன்று நாலு மணிக்கு வேறொரு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். இந்த முறை தும்மலுக்கும் இடம் வைக்கவில்லை. செவிலிமேட்டில் தணிகாசலம் புதிதாகக் கட்டி, இன்னும் குடிபோகாத வீட்டில் அகிலா தனியாக இருக்க வேண்டும்.

"நீ கொண்டுபோய் விட்டுட்டு உடனே வந்துடு, கேசரி கிண்டணும். சாவி அவகிட்டயே இருக்கட்டும்" என்றார்.

"தனியா வேணாங்க. எனக்கு என்னமோ பயமா இருக்குது. ஒரு டாக்டராண்ட காட்டலாம்."

"எந்த டாக்டரு? மனசு டாக்டரா? என் பொண்ணு அங்க போய் நின்னுக்கினு இருந்தா நான் எந்த மூஞ்ச வச்சிக்கினு மேடை ஏறறது? அபிநயா கல்யாணம் முடியட்டும், பார்க்கலாம்."

அகிலா தலை வாரி, பவுடர் பூசி வந்து நின்றாள். "நான் ரெடிம்மா" என்றாள். தங்கையின் கன்னத்தைத் தொட்டு, "இந்தத் தடவ நல்லபடியா முடியும்டி" என்றாள்.

"பாரும்மா, அக்கா எவ்ளோ நார்மலா ஆயிடுச்சி!" என்றாள் அபிநயா.

தணிகாசலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் மனசுதான். நான் சொன்ன பாசிட்டிவ் திங்கிங் வேலை செஞ்சிடுச்சி பார்!"

அவர் ஜிப்பா மாட்ட உள்ளே போனார். பூவம்மாள் பேச்சு இருந்த ஃபைலைத் திறந்தாள். கேட்டுக் கேட்டு எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தது. நாலாம் பக்கத்தை உருவி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எதற்கு என்று அப்போது அவளுக்கே தெரியாது.

கல்லூரி கார் அவரை ஏற்றிக்கொண்டு போனதும், தாயும் மகளும் ஆட்டோவில் ஏறினார்கள். அகிலாவின் மடியில் ஒரு பையும் இல்லை. இன்னொரு வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போகிறவள் ஒரு தண்ணீர் பாட்டில்கூட எடுத்து வரவில்லை. சாவியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பூவம்மாள் தாளைப் பிரித்தாள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். வீட்டில் காபி, பால், தெருக்கதவு என்று ஓடியதில் அவள் காதில் விழாமலே போன கடைசி வரிகள் அதில் இருந்தன. ‘தயங்காமல் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்ட பிறகு தனியே விடாதீர்கள்.’

இரண்டு முறை படித்தாள். தாளை மடித்துவிட்டு மகளின் பக்கம் திரும்பினாள்.

"அகிலா, செத்துப் போவணும்னு நெனச்சிக்கினு இருக்கியாடி?"

டிரைவர் கண்ணாடியில் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பினான். அகிலா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன். திட்ட மாட்டேன், சொல்லு."

"ஆமாம்மா." ஆட்டோ சத்தத்தில் அது உதட்டசைவாகத்தான் தெரிந்தது. "நான் இல்லன்னா நீங்க எதையும் மறைக்க வேணாம் இல்ல?"

பூவம்மாள் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்தாள். காலியான கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தம்பி, வண்டிய திருப்புப்பா. பெரியாஸ்பத்திரிக்கு விடு."

"அம்மா, அப்பா..."

"அவரு பேசிக்கினு இருக்கட்டும்."

மனநலப் பிரிவின் வாசலில் பெஞ்சு நிறைய ஆட்கள். சீட்டு வாங்கி உட்கார்ந்ததும் அவர்கள் தெருவின் மூணாவது வீட்டுக்காரி மருந்து வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாத்திரை கிடைப்பதற்குள் அவள் வாய்க்குச் செய்தி கிடைத்துவிட்டது.

"இன்னா பூவம்மா, இங்க உக்காந்துக்கினு? பிரஷரா?"

நல்ல பொய் ஒன்றை அவளே எடுத்துக் கொடுத்திருந்தாள். வாங்கிக்கொண்டால் போதும். பூவம்மாள் மகளின் கையை விடாமலே சொன்னாள்: "எம் பொண்ணுக்கு மனசு தாங்கல. காட்ட வந்திருக்கேன்."

பக்கத்தில் இருந்தவரிடம் பேனா கேட்டு வாங்கி, தாளில் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் கோடு போட்டாள். ‘குடும்பத்தார் கவனிக்கத் தவறுவதும் உண்டு’ என்ற வரிக்கும் போட்டாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். என்ன செய்கிறது என்று கேட்டாள். பூவம்மாள் தாளை நீட்டினாள். டாக்டர் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"ரொம்பச் சரியா எழுதியிருக்காங்களே. யாரும்மா எழுதினது?"

"இவ அப்பாதாம்மா."

"இவ்ளோ தெரிஞ்சவரு முன்னாடியே கூட்டினு வந்திருக்கலாமே?"

"அது ஊருக்கு எழுதினதும்மா."

டாக்டர் நாற்காலியை அகிலாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இங்க யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மெதுவா சொல்லுங்க" என்றாள். அகிலா வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. பத்து மாதத்தில் முதல் முறையாகச் சத்தம் போட்டு அழுதாள். யாரும் அவளைச் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை.

பூவம்மாளின் செல் அடித்தது. பின்னால் மைக் இரைச்சல்.

"ஏய், நாலாம் பக்கம் எங்கடி? மேடையில உக்காந்துக்கினு இருக்கேன், அடுத்தது நான்தான்!"

"இங்க இருக்குதுங்க. அகிலாவ மனசு டாக்டராண்ட கூட்டினு வந்திருக்கேன். செத்துப் போவணும்னு நெனச்சிக்கினு இருந்துதாம் புள்ள."

 அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது. "யாராச்சும் பார்த்தாங்களா?"

பூவம்மாள் மகளைப் பார்த்தாள்.

"பார்த்தாங்க. சாயங்காலம் அவ என்கூட வீட்லதான் இருப்பா. வர்றவங்க யாருன்னு கேட்டா, இந்தத் தடவ பூனைன்னு சொல்லாதீங்க. பொண்ணுன்னு சொல்லுங்க."

செல்லை அணைத்தாள்.

தன்னம்பிக்கைத் தென்றல் மூன்றாம் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கத்துக்குத் தாவிப் பேசியது. அரங்கில் ஒருவரும் கவனிக்கவில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நாற்பத்து நாலாவது பொன்னாடையைப் போர்த்தினார்கள். அதுவும் பாலியஸ்டர்தான்.