ஆற்றில் இறக்கிய கல்

அந்த மலாய் நாட்டுப் பட்டணத்தின் நூற்றாண்டு மலருக்கான வரைவில் தமிழர்களுக்கு ஒதுக்கியது ஒரே வரி: ஊர் உருவான பிறகு கூலிக்கு வந்தவர்கள். சரித்திர ஆசிரியை மரகதவல்லி அந்த வரியை அடித்துவிடப் புறப்பட்டாள். தேர்தலுக்குத் தேர்தல் 'வந்தேறிகள், திரும்பிப் போங்கள்' என்று மேடையில் கத்துகிறவர்களுக்கு அந்த ஒரு வரியே போதும். மலர்க் குழுத் தலைவர் ரோஸ்லி மரியாதை தெரிந்த மலாய்க்காரர். ஆதாரம் கொண்டுவந்தால் தனி அத்தியாயமே தருவதாகச் சொன்னார்.

ஆதாரம் இருந்தது. காடு வெட்டி ரப்பர் பால்மரம் நட்டு, காய்ச்சலில் செத்தவர்களின் பெயர்களைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு கல்லில் வெட்டியிருந்தார்கள். பட்டணம் உருவாவதற்கு முந்தைய ஒரு வருடமும் அதில் இருந்தது.

போய்ப் பார்த்தால் கல் இல்லை. பளிங்குத் தரைதான் பளபளத்தது. கும்பாபிஷேகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஸ்தபதி, விரிசல் விட்ட கல் கோயிலுக்குள் இருந்தால் தோஷம் என்றாராம். பின்னமான சிலைகளோடு அதையும் மேளம் தட்டி, சூடம் காட்டி ஆற்றில் இறக்கிவிட்டார்கள். படம் எடுத்துவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கோயில் தலைவர் நாகப்பன் கூச்சமில்லாமல் சொன்னார்.

“நகராண்மைக் கழக லாரி இடிச்சு நொறுக்கிடுச்சுன்னு எழுதிருங்க டீச்சர். போன வருசம் ரெண்டு கோயில ஒடைச்சவனுங்கதானே, இதையும் சேத்துச் செமக்கட்டும்.”

“ஒரு பொய் மாட்டிச்சுன்னா மிச்சத்தையும் பொய்னுருவாங்கண்ணே.”

“அவனுங்க எழுதுறது மட்டும் சத்தியவாக்கா?”

அவள் பெயர்கள் தெரிந்தவர்களைத் தேடிக் கிளம்பினாள்.

லாரி ஓட்டும் வீரய்யாவின் தாத்தா பெயரும் அந்தக் கல்லில் இருந்தது. கோயில் வாசலிலேயே விளையாடி வளர்ந்தவனுக்குப் பெயர்கள் மனப்பாடம். சாப்பாட்டுக் கடையில் பாதியைச் சொன்னான். மிச்சத்தை லோடு இறக்கிவிட்டு வந்து சொல்வதாகப் போனான். அவன் திரும்புமுன் கெடு நெருங்கியதால் மரகதவல்லி கிடைத்த பெயர்களோடு எழுதிக் கொடுத்தாள். கல் எப்படிப் போனது என்பதையும் கடைசிப் பத்தியில் உள்ளபடியே எழுதினாள்.

மலர் வந்தது. அத்தியாயம் இல்லை. பழைய வரி அப்படியே இருந்தது. அதன் கீழே புதிதாக ஒன்று: தங்கள் முன்னோரின் கல்லை இந்தியர்களே ஆற்றில் போட்டுவிட்டனர். தகவலுக்கு நன்றி என்று அவள் பெயர்.

ரோஸ்லி போனை எடுக்காமல் ஒளியவில்லை. மலாயிலேயே சொன்னார். “கல்லு இல்ல. பேரு ஒருத்தர் ஞாபகத்துல இருக்கு. அத எப்படி சரித்திரம்னு போடுறது டீச்சர்? ஆத்துல போட்டது ஒண்ணுதான் நீங்களே ஒத்துக்கிட்டது.”

கோயிலில் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். தானே புத்தகம் போடுவதென்று தீர்மானித்து, மிச்சப் பெயர்களுக்காக வீரய்யாவைத் தேடிப் போனாள். அவன் லாரியை விட்டு இறங்கவில்லை.

“எங்க தாத்தா பேரச் சொன்னேனே, அது எங்க டீச்சர்? டிப்போவுல ஒருத்தன் கேக்குறான், உங்க தாத்தாவுக்கு நீச்சல் தெரியுமான்னு. எல்லாவனும் சிரிக்கிறான்.”

“அதுக்குத்தான் வீரய்யா, மிச்சத்தையும் சொல்லு.”

“போதும். நாங்க சொன்னத வச்சே எங்களை அடிக்க வச்சிட்டீங்க.”

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பாதிப் பெயர்களோடுதான் அவள் புத்தகம் வந்தது. கோயிலில் அதை விற்க விடவில்லை. கல்லை யார் ஆற்றில் இறக்கினார்கள் என்ற பத்தியை அவள் அதிலும் நீக்கவில்லை.