போனில் இருந்த பெயர்

பீரோவின் கதவுகளைக் கழற்றிவிட்டுத்தான் படுக்கையறைக்குள் கொண்டுபோக வேண்டும் என்று மச்சினன் சொன்னான். அவன் வீடு மாற்றும் வண்டி ஓட்டிப் பிழைப்பவன். இதைவிடக் குறுகலான வழிகளில் இதைவிடப் பெரிய சாமான்களை நுழைத்துப் பழகியவன். ஆனால் சொன்னது மச்சினன் என்பதாலேயே கண்ணாடிக்காரருக்கு அது கசந்தது.

கண்ணாடிக்காரர் என்பது அவர் தொழிலால் வந்த பெயர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பவர். மயிரிழை அளவு பிசகினாலும் பொறுக்கமாட்டார்.

"கழட்டிட்டா திருப்பி மாட்டுறது யாரு? மூணு கதவும் மூணு திசைக்கு இழுக்கும்."

"நான் மாட்டித் தர்றேன் மாமா."

"போன தடவை நீ மாட்டின ஃபேன் இன்னும் தலையாட்டிக்கிட்டு இருக்கு."

லோடு ஆட்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகிவிட்டது. மச்சினன் தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டான். "சரி மாமா. உங்க வீடு, உங்க பீரோ" என்று சொல்லிவிட்டு ஆட்களோடு படியிறங்கினான். அக்கா கூப்பிட்டதற்கும் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அக்கா பாலர் பள்ளியில் டீச்சர். தம்பிக்கும் கணவருக்கும் நடுவே மத்தளமாக இருந்து பழகியவள். "ஏன் இப்படிப் பேசுறீங்க?" என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டாள்.

"நாம ரெண்டு பேரே போதும். அடியில பெட்ஷீட்டைப் போட்டு நீ உள்ளேயிருந்து இழு. நான் தள்ளுறேன்."

மூன்றாம் மாடி. புதிதாகக் கட்டி முடித்த கட்டடம். குடிவந்த முதல் குடும்பம் அவர்கள்தான். மற்ற வீடுகளில் பூட்டுகூட மாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெயின்ட் அடிப்பவர்களும் வரவில்லை.

கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகும் நடைவழி, ஆள் உயரத்துக்கு மேல் நின்ற அந்த பீரோவுக்கென்றே அளந்து கட்டியதுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் கைகூட நுழையாது. படுக்கையறை வாசற்படி வரை சொன்னபடி கேட்டு வந்த பீரோ, படியில் முட்டிக்கொண்டு நின்றது. "ஒரே வெட்டு வெட்டி இழு" என்றார் அவர். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டி இழுத்தாள். அடிப்பாகம் துள்ளிப் படியைத் தாண்டியது. மேல்பாகம் அவரை நோக்கிச் சாய்ந்தது.

அவர் பின்னால் ஓடப் பார்த்து, அட்டைப் பெட்டியில் இடறி மல்லாக்க விழுந்தார். முழு பீரோவும் அவர் மேல் விழுந்திருக்கும். ஆனால் நடைவழி திரும்புகிற இடத்துச் சுவரில் அதன் உச்சி உரசி, சரிந்து, முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. நின்ற இடத்தில் அவருடைய இடது கால் இருந்தது. கதவில் பதித்த கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஏங்க! ஏங்க!"

பதிலுக்கு ஒரு முனகல்தான் வந்தது. டீச்சர் எட்டிப் பார்த்தாள். சரிந்த பீரோவுக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரிந்தது. வெளுத்திருந்தது. தாண்டிப் போய்விடலாம் என்று அவள் பீரோவின் மேல் ஒரு காலை வைத்ததுதான் தாமதம், அது ஒரு விரல் கீழே இறங்கியது. அவர் போட்ட அலறலில் அவள் காலை எடுத்துவிட்டாள். துணிமணியோடு இருந்த பீரோவை அவள் பக்கத்திலிருந்து தூக்கவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை.

"ரத்தம் வருதா?"

"வருது."

"நிறையவா?"

அவள் துப்பட்டாவைச் சுருட்டி பீரோவுக்கு மேலாக வீசினாள். "முட்டிக்குக் கீழ இறுக்கிக் கட்டுங்க. நல்லா இறுக்கி." அவர் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னலுக்கு ஓடிக் கத்தினாள். கீழே காலி மனை. புல்லில் ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

அவளுடைய போன் சார்ஜ் இல்லாமல் காலையிலேயே அணைந்துவிட்டது. சார்ஜர் எந்தப் பெட்டிக்குள் போனதோ. அவருடைய போன் விழுந்த வேகத்தில் சட்டைப் பையிலிருந்து தெறித்து, கூடத்துத் தரையில் வழுக்கிக்கொண்டு போய்க் கிடந்தது. அவர் கைக்கு எட்டாது. ஆனால் குரல் எட்டும். ஸ்கூட்டர் ஓட்டும்போது தொடாமலே பேசலாமென்று அவர் அதற்கு வாயால் உத்தரவு போடும் வசதியை வைத்திருந்தார். ஒரே சங்கடம், அது ஆங்கிலம் மட்டும்தான் புரிந்துகொள்ளும்.

"ஹே போன்!" என்று டீச்சர் கத்தினாள். டிங் என்று ஒலித்தது.

முதலில் அவசர உதவி எண்ணைச் சொன்னாள். அழைப்பு போனது, யாரோ எடுத்தார்கள். எறும்பு பேசுவதுபோல் ஒரு குரல், "சொல்லுங்க, எங்கேருந்து பேசறீங்க?" என்றது. இருவரும் தொண்டை கிழிய முகவரியைச் சொன்னார்கள். புதுத்தெரு, வீட்டு எண் இன்னும் போடவில்லை. "கேக்கலைங்க, பக்கத்துல வந்து பேசுங்க" என்றது எறும்பு. பிறகு வைத்துவிட்டது. இன்னொரு முறை முயன்றபோதும் அதே கதைதான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: முகவரி கேட்காத ஆள் வேண்டும். சத்தம் கேட்டாலே ஓடிவருகிற ஆள். தம்பியின் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொல்லி, அழைக்கச் சொன்னாள். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றது போன்.

"ஏங்க, தம்பி நம்பர் உங்க போன்ல இல்லையா?"

"இருக்கு."

"என்ன பேர்ல?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வேற யாரையாவது கூப்பிடேன்."

"யாரைக் கூப்பிடறது? உங்க அண்ணன் ஒரு நாள் பயண தூரத்துல இருக்கார். என்ன பேர்ல போட்டிருக்கீங்க? சொல்லுங்க!"

"சனி."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்க." அவருக்கு நினைவு தப்புகிறது என்று நினைத்தாள்.

"கிழமை இல்லடி. உன் தம்பி. சனின்னு போட்டு வெச்சிருக்கேன்."

கோபப்படுவதற்கு அது நேரமில்லை. நடைவழித் தரையின் வெள்ளை டைல்ஸில் சிவப்பு ஒரு கோடாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

"ஹே போன்! கால் சனி!"

போன் உற்சாகமாகப் பதில் சொன்னது. இன்று முழுவதும் ஸன்னி, நல்ல வெயில், மழைக்கு வாய்ப்பில்லை.

"ஐயோ, வானிலை சொல்லுதே!" மறுபடி கத்தினாள். இந்த முறை வாரம் முழுவதற்கும் வெயில் என்றது.

"எப்படி எழுதியிருக்கீங்க? எழுத்தைச் சொல்லுங்க."

"எஸ், ஏ, என், ஐ."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். நாம் சனி என்றால் அது ஸன்னி என்று கேட்கிறது. ஆங்கிலத்து ஹனி, மனி, ஃபன்னி: நம் வாய்க்கு வருகிற சனி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் எழுதியிருப்பதை அது ஆங்கிலக் கண்ணால் படிக்கும். அது எப்படிப் படிக்கிறதோ, அப்படித்தான் கூப்பிட வேண்டும். தினமும் காலையில் முப்பது வாண்டுகளை உட்காரவைத்து ஒலி ஒத்துப்போகும் சொற்களைச் சொல்லவைப்பதுதான் அவள் வேலை. இப்போது மூளையில் ஒன்றும் நிற்கவில்லை.

"எனக்குத் தூக்கம் வருது" என்றார் அவர்.

"தூங்கக் கூடாது! கண்ணைத் திறங்க. நான் ஒரு வார்த்தை சொல்றேன், அதே மாதிரி முடியற இன்னொண்ணு நீங்க சொல்லணும். கேன், ஃபேன், மேன்… நேனி. நீங்க சொல்லுங்க."

"என்னது?"

"நேனி! அதே மாதிரி!"

"…கிரேனி."

"ஹே போன்! கால் ஸேனி!"

ஸேனிட்டரி கடையை அழைக்கிறேன் என்றது போன். குழாய் வாங்கிய கடை. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் கடையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது அடித்து ஓயும்வரை போன் வேறு எதையும் கேட்காது. டீச்சர் பீரோவின் விளிம்பைப் பிடித்தபடி அந்த மணியைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஏங்க! பென்னி! சொல்லுங்க, பென்னி!"

"மெனி" என்றார் அவர், நாக்கு குழறி.

"கால் ஸெனி!" புரியவில்லை, மறுபடி சொல்லவும் என்றது போன். ஸானி என்று நீட்டிப் பார்த்தாள். ஸோனி டிவி வாங்க வேண்டுமா என்பதுபோல் எதையோ கேட்டது. நடுவில் இன்னொரு ஒலி எழுந்தது. சார்ஜ் தீரப்போகிறது என்ற எச்சரிக்கை.

"இன்னும் ஒண்ணு சொல்லுங்க. எதுவானாலும் சொல்லுங்க. என் கிளாஸ் பசங்க மாதிரி."

அவர் உதடு அசைந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தாள்.

"ட்ரெய்ன்… ரெய்ன்…" மூச்சு வாங்கினார். "ரெய்னி."

"ஹே போன்! கால் ஸெய்னி!"

டிங்.

"காலிங் ஸெய்னி" என்றது போன், இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதுபோல.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கோபத்தில் எடுக்காமல் இருந்துவிடுவானோ என்று அவள் பதறினாள். பிறகு எறும்புக் குரல் கேட்டது. "இப்ப என்ன மாமா? பீரோ உள்ள போயிடுச்சுன்னு சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?"

"தம்பீ! தம்பீ! ஓடி வாடா! மாமா கால்… பீரோ…"

"அலோ? அக்காவா? என்னக்கா? ஒண்ணும் கேக்…"

அத்தோடு போன் அணைந்துவிட்டது.

அதன்பிறகு இருந்த நேரத்தைப் பற்றி டீச்சர் பின்னால் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. தம்பி கேட்டானா, கேட்கவில்லையா என்று தெரியாது. அவன் வண்டி நகரத்தின் எந்த மூலையில் இருந்தது என்றும் தெரியாது. அவள் கணவரிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள். கேட், பேட், மேட் என்று முதல் நாள் பாடத்திலிருந்து ஆரம்பித்தாள். அவர் ஒன்றுக்குப் பதில் சொன்னார், இரண்டுக்குச் சொல்லவில்லை. கடைசியில் அவள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் தடதடவென்று ஏறி வந்தது.

மச்சினன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நடைவழியை ஒரு பார்வை பார்த்தான். "நீ அந்தப் பக்கம் முட்டுக்கொடு. நீ தோளைக் கொடு. நான் சொல்ற வரைக்கும் யாரும் மூச்சு விடாதீங்க" என்று ஆட்களிடம் சொன்னான். பீரோ எழும்பியது. அவன் மாமாவின் அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தான். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. மூன்று மாடியும் முதுகில் சுமந்துகொண்டுதான் இறங்கினான்.

கணைக்கால் எலும்பில் விரிசல். கெண்டைச் சதையில் நீளமாகத் தையல். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காலுக்கு உறுதி சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் வார்டில், சட்டையில் காய்ந்த ரத்தத்தோடு உட்கார்ந்திருந்த மச்சினன் கேட்டான். "ஏன் மாமா, உங்க போனைச் சார்ஜ் போட்டுப் பார்த்தேன். கடைசியா போன கால், சனின்னு இருக்கு. நம்பர் என் நம்பர்."

"அது வந்து தம்பி…" என்று டீச்சர் வேகமாக ஆரம்பித்தாள்.

"நீ இரு" என்றார் கண்ணாடிக்காரர். "நான்தான் மாப்ள போட்டேன். உன்னைத்தான்."

மச்சினன் தலையாட்டினான். டீ வாங்கி வந்து இருவருக்கும் கொடுத்தான். டிஸ்சார்ஜ் ஆன அன்று வண்டியில் கொண்டுவந்து, நாற்காலியோடு மேலே தூக்கிவந்து, கட்டிலில் படுக்கவைத்துவிட்டுப் போனான். அதன்பிறகு வரவில்லை. அக்கா கூப்பிட்டால் ஓரிரு வார்த்தையோடு வைத்துவிட்டான். மாமா கூப்பிட்டால் எடுக்கவேயில்லை.

கால் கட்டு பிரிப்பதற்கு முன்பே ஒரு காலையில் கண்ணாடிக்காரர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். டீச்சர் தடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள்.

வண்டிகள் நிற்கும் இடத்தில் மச்சினன் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

"எப்போலேருந்து மாமா?"

"கல்யாணமான புதுசுல. என் ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போய் இடிச்சுட்டு வந்தியே, அன்னிக்கு."

"அதை நானே சரிபண்ணிக் கொடுத்தேனே."

"கொடுத்த. நான்தான் பேரை மாத்தல."

"மாத்தணும்னு தோணவே இல்லையா?"

"ஒரு தடவை போட்டா அப்புறம் யாரு மாப்ள படிக்கிறாங்க? நீ கூப்பிட்டா எடுப்பேன். அந்தப் பேரு என் கண்ணுக்கே தெரியல."

"எனக்கு இப்ப அது மட்டும்தான் தெரியுது."

கண்ணாடிக்காரர் ஊன்றுகோலோடு ஓரடி கிட்டே வந்தார். "தப்புதான்" என்றார். "மன்னிச்சிடு. இதைப் போன்ல சொல்லக் கூடாதுன்னுதான் நேர்ல வந்தேன்."

மச்சினன் அடுத்த டயருக்குப் போனான். அதைத் தட்டிப் பார்த்தான். டயரைப் பார்த்தபடியே சொன்னான்: "சனி ஏழரை வருஷத்துல விட்டுடும்பாங்க. நான் வந்து ஒன்பது வருஷமாச்சு. உங்களுக்குத்தான் நேரம் சரியில்ல மாமா."

சிரிக்கலாமா என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியவில்லை. மச்சினனும் சிரிக்கவில்லை.

"ஆட்டோவை அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன்."

"எனக்கு ஒரு லோடு இருக்கு. முடிச்சுட்டுத்தான் உங்களை வீட்ல விட முடியும். ஏறுறீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் மச்சினன் வந்து இடுப்பில் கைகொடுத்து முன்சீட்டில் ஏற்றினான். கட்டுப்போட்ட கால் நீட்டி உட்கார வசதியாக ஒரு சாக்கை மடித்து வைத்தான். வண்டி பின்னோக்கி நகர்ந்து, தெருமுனையில் திரும்ப இடம் பார்த்து நின்றது.

"அந்தப் பக்கம் ஏதாவது வருதா பாருங்க மாமா. இங்கேருந்து எனக்குத் தெரியல."

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெளியே தலையை நீட்டினார்.

"ஒரு சைக்கிள் வருது. இரு… போயிடுச்சு. இப்ப திருப்பு மாப்ள."