கூரை வைத்த பின்வண்டி

அன்று காலை ரயில் இன்ஜின் ஷெட்டில் இருந்தவர்கள்: டிரைவர் ஈனக் த்வெய்ட், அவருடைய ஃபயர்மேன் லெஸ்லி, ஃபிட்டர் கிளெம், ஃபோர்மேன் ஹாலம், இரவெல்லாம் இன்ஜின்களில் சாம்பல் வாரிவிட்டு வீட்டுக்குப் போகாமல் நின்ற நான். வீட்டில் எனக்கென்று யாரும் இல்லை.

த்வெய்ட்டின் நெஞ்சு கெட்டுக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் ரயில்வே டாக்டரின் பரிசோதனை. தேறாவிட்டால் மனிதர் ஷெட்டைக் கூட்டிப் பெருக்க வேண்டியதுதான். யார்க்‌ஷயர் மேட்டுப் பாதையின் முனையில் இன்ஜினைத் திருப்பும் சுழல்மேடை கிடையாது. திரும்பி வரும்போது பன்னிரண்டு மைலும் இன்ஜின் பின்பக்கமாகவே ஓடும்; கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டிதான் முன்னே போகும். கரித்தூளும் நவம்பர் மழையும் நேரே டிரைவர் முகத்தில் அறையும்.

பத்து மணிக்கு ஒரு கிழட்டு இன்ஜினை உடைப்பதற்கு இழுத்துப்போக இருந்தார்கள். அதன் பின்வண்டியில் டிரைவர் நிற்கும் பக்கம் ஒரு தடுப்புச் சுவர், சிறு கூரை, இரண்டு கண்ணாடி ஜன்னல்.

"அந்தப் பின்வண்டியைக் கழட்டி இவருக்கு மாட்டிடலாம் சார்," என்றான் கிளெம்.

"உடைக்கிற தாள்ல அந்தப் பின்வண்டி நம்பர் இருக்குய்யா," என்றார் ஹாலம்.

"சாகப்போற இன்ஜின் எந்தச் சட்டையில போனா என்ன சார்?"

ஹாலம் டீ குடிக்கப் போனார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

இணைப்பு ஆணி துருவேறிக் கிடந்தது. கிளெம்மும் நானும் ஒரு மணி நேரம் மாறி மாறிச் சம்மட்டியால் அடித்தோம். த்வெய்ட்டின் பின்வண்டியைக் கிழட்டு இன்ஜினோடு சேர்த்துவிட்டு, இதை அவர் இன்ஜினில் மாட்டிப் பார்த்தால் பின்வண்டி இன்ஜினைவிட ஒரு சாண் அகலம். அதன் தளமும் இரண்டு அங்குலம் உயரம்.

"அண்ணன் கோட்டைத் தம்பி போட்ட மாதிரி இருக்கு," என்றான் லெஸ்லி. "கரி அள்ளும்போது தடுக்கி அடுப்புக்குள்ளயே விழப்போறேன்."

"விழுடா. அன்னைக்காவது அடுப்புல ஒழுங்கா சூடு ஏறும்," என்றார் த்வெய்ட். அவர் சிரிப்பு இருமலில் முடிந்தது. யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை.

கிளெம் ஒரு இரும்புத் தகட்டைச் சரிவாக வைத்து அந்த மேட்டைச் சரிக்கட்டினான்.

ஹாலம் திரும்பி வந்து சுற்றிப் பார்த்தார். பின்வண்டியின் முதுகில் இருந்த நம்பர் பட்டைக்கு முன்னால் நின்றார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்து, இரண்டு வண்டிகளின் பட்டைகளையும் கழற்றி, ஒன்றில் இருந்ததை மற்றதில் மாட்டினார்.

"இப்ப தாள் சரியா இருக்கு," என்றார். பிறகு என்னிடம், "நீ இன்னும் வீட்டுக்குப் போகலையா?"

பிற்பகலில் த்வெய்ட் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். வழக்கம்போல் கண் சிவந்திருக்கவில்லை.

"ஜன்னல் ஆடுது," என்றார். அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தேன். பகலில் எனக்கு வேறு வேலை கிடையாது. அன்று கடைசி ஆள் அவர்தான். உள்ளே ஒருமுறை இருமினார். அதோடு நின்றது. கோட்டுப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தார்.

"அடுத்த வருஷம் வரச் சொல்றான். அதுவரைக்கும் ஓட்டலாமாம்," என்றார். "கிளெம்கிட்ட அந்த ஜன்னலை இறுக்கச் சொல்லணும்."

அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.