இசட் டிரைவில் இருந்தவர்

கண்டி நகரத்துத் திருகோணமலை வீதியில் ஹுஸைன் முதலாளியின் அச்சகத்தில் பதினெட்டு வருஷமாக அழைப்பிதழ் தட்டுகிறவள் கஜலட்சுமி. ஊரில் பாதிப்பேரின் நல்ல காரியங்கள் அவளுடைய கம்ப்யூட்டர் வழியாகத்தான் போயிருக்கின்றன. ஒரு பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனதில்லை என்பது அவளுக்குப் பெருமை. ஃபைல்களை அடுக்கி வைப்பதில் அதைவிடப் பெருமை. கல்யாணத்துக்கு ஒரு ஃபோல்டர், நிக்காஹுக்கு ஒன்று, கடைத் திறப்புக்கு ஒன்று, அதற்குள் மாதவாரியாக.

அந்தக் கம்ப்யூட்டர் இடமில்லாமல் திணறத் தொடங்கியதும், முதலாளியின் மகள் ருஷ்தா ஒரு திங்கட்கிழமை காலை, பல்லேகலயில் தன் வேலைக்குப் போகிற வழியில் வந்து உட்கார்ந்தாள்.

"கஜா அக்கா, இனி ஃபைலெல்லாம் இதுக்குள்ள வைக்க வேணாம். கிளவுட்ல இடம் எடுத்திருக்கேன். இன்டர்நெட்டுக்கு அந்தப் பக்கம் எங்கயோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டர். ஆனா உங்களுக்கு ஒண்டும் மாறாது. சி, டி மாதிரியே இங்க இசட் டிரைவ்னு ஒண்டு காட்டும். அதுல போட்டா அங்க போயிரும்."

அந்த நேரம் முன்பக்கம் ஒரு வாடிக்கையாளர் மேசையைத் தட்டினார். கஜலட்சுமி எழுந்து போய்விட்டாள். ருஷ்தா திரையைப் பார்த்தபடியே மீதியையும் சொன்னாள். முதலாளி போன மாதம் கலகெதரயில் திறந்த கிளைக் கடைக் கம்ப்யூட்டரிலும் இதே இசட் டிரைவைப் போட்டிருக்கிறாள், இரண்டு கடைக்கும் பொது, ஒருவர் மாற்றினால் மற்றவருக்கும் மாறும். இவ்வளவையும் கேட்டது கஜலட்சுமி எழுந்துபோன வெறும் கதிரை மட்டும்தான்.

கஜலட்சுமி அன்றைக்கே எல்லாவற்றையும் இசட்டுக்குள் போட்டு அழகாக அடுக்கினாள். செவ்வாய்க்கிழமை காலை வந்து பார்த்தால் கல்யாணமும் இல்லை, நிக்காஹும் இல்லை. எல்லாம் வாடிக்கையாளர் பெயர்ப்படி, அகர வரிசையில் நின்றன. தானே ஏதோ தவறாக அமுக்கியிருப்பாள் என்று நினைத்து, ஒரு மணிநேரம் செலவழித்துப் பழையபடி அடுக்கினாள். புதன்கிழமை மறுபடியும் அகர வரிசை.

"வைரஸா இருக்கும்," என்றார் ஹுஸைன், பேப்பர் படித்துக்கொண்டே.

"வைரஸ் இவ்வளவு ஒழுங்கா அடுக்குமா முதலாளி?"

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அன்றைக்குச் சர்மிளா என்ற பெண்ணின் கல்யாணக் கார்டு அவசரமாக இருந்தது. அதையாவது காப்பாற்றவேண்டும் என்று கஜலட்சுமி ஒரு புது ஃபோல்டர் திறந்து, கார்டை அதற்குள் வைத்து, "இதைத் தொடாதே" என்று பெயர் போட்டாள். டீ குடித்துவிட்டு வந்தபோது ஃபோல்டரின் பெயர் "ஏன் தொடக்கூடாது" என்று மாறியிருந்தது.

சக்கரக் கதிரை பின்னால் போய் அலுமாரியில் முட்டியது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கிட்ட வந்து, அதே ஃபோல்டரின் பெயரை மாற்றினாள். யார் நீ என்று கேட்டுக் கேள்விக்குறி போடப் பார்த்தாள். ஃபோல்டர் பெயரில் அந்தக் குறி போட முடியாது என்று கம்ப்யூட்டர் தடுத்தது. குறியில்லாமலே "யார் நீ" என்று கேட்டாள்.

பெயர் மாறியது. "நீங்கள் யார்"

மரியாதை தெரிந்த ஆள் என்று நினைத்தாள். அதனால் கொஞ்சம் தைரியம் வந்தது. அவளும் பன்மைக்கு மாறினாள்.

"இது என்னுடைய கம்ப்யூட்டர்"

"இல்லை என்னுடையது"

கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலிருக்கவும் முடியவில்லை. "நீங்கள் இறந்துபோனவரா" என்று தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பதில் வந்திருந்தது.

"இன்னும் சாகவில்லை சுகர் மட்டும்தான். சாப்பிட்டிட்டு வாறன்"

அவள் நேரே முதலாளியிடம் போனாள். "முதலாளி, உள்ள இருக்கிறவர் யாழ்ப்பாணத்து ஆளு. 'வாறன்'னு எழுதுறாரு."

"எதுக்குள்ள?"

"கம்ப்யூட்டருக்குள்ள."

"அது கொழும்புல வாங்கினது," என்றார் ஹுஸைன்.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே சர்மிளாவும் மாப்பிள்ளை கிருஷாந்தனும் கார்டின் மாதிரி பார்க்க வந்துவிட்டார்கள். கஜலட்சுமி படபடப்போடு ஒரு தாளை அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். எந்த ஃபோல்டரிலிருந்து அச்சானதோ அதன் பெயர் தாளின் அடியில் பொடி எழுத்தில் விழும். வேலை கலந்துபோகாமலிருக்க அவளே செய்துவைத்த ஏற்பாடு. கடைசியில் வெட்டும்போது அது போய்விடும், மாதிரியில் யாரும் கவனிப்பதில்லை. சர்மிளா கவனித்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை. பொடி எழுத்தைத்தான் முதலில் பார்ப்பாள்.

அவள் மெதுவாக வாசித்தாள். "மணமகன் கிருஷாந்தன். இன்னும் சாகவில்லை சுகர் மட்டும்தான்."

கஜலட்சுமி தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

கிருஷாந்தனின் முகம் வெளுத்துவிட்டது. "இவங்களுக்கு யார் சொன்னது?" என்றான்.

சர்மிளா அவன் பக்கம் திரும்பினாள். "அப்ப உண்மையா?"

"ரெண்டு வருஷமா இருக்கு. கல்யாணத்துக்குப் பிறகு சொல்லலாம்னு இருந்தேன்."

"அதனாலதான் எங்க வீட்டுல குடுத்த கேக்கை எல்லாம் சட்டைப் பைக்குள்ள போட்டீங்களா? அம்மா சமையல் பிடிக்கலைன்னு ஒரு மாசமா அழுறாங்க."

"கேக் நல்லா இருந்துச்சின்னு வாசத்துலயே தெரிஞ்சது," என்றான் அவன் பரிதாபமாக.

சர்மிளா சிரித்துவிட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடைசியாக எப்போது இரத்தம் பார்த்தான், என்ன மாத்திரை போடுகிறான் என்று அங்கேயே நின்று விசாரித்தாள். பிறகு அந்த மாதிரித் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "கார்டு நல்லா இருக்கு அக்கா. அந்தக் கடைசி வரி மட்டும் வேணாம்," என்று சொல்லிவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கஜலட்சுமி உடனே ருஷ்தாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள். மறுபக்கத்தில் ருஷ்தா நெடுநேரம் சிரித்தாள். பிறகுதான் கலகெதரக் கதையைச் சொல்லி, அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கிற செல்லப்பா என்பவரின் நம்பரையும் கொடுத்தாள்.

"ஓம், செல்லப்பாதான் கதைக்கிறன்," என்றது ஒரு பணிவான குரல்.

"அண்ணே, நான் கண்டிக் கடை கஜலட்சுமி. இசட்டுக்குள்ள இருந்தது நாந்தான்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "நீங்களே? நான் கடைசியில முதலாளி எண்டெல்லோ நினைச்சன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்தான், என்னைச் சோதிக்கிறாராக்கும் எண்டு."

"செத்துப்போயிட்டீங்களான்னு முதலாளி கேப்பாரா?"

"எனக்கும் விளங்கேல்லைத்தான். ஆனா முதலாளி கேட்டா உள்ளதைச் சொல்லத்தானே வேணும். அதுதான் சுகரையும் எழுதினன்."

"சரி அண்ணே. இனிமே வேலை வாரியா அடுக்குவோம், என்ன?"

"அகர வரிசைதான் தங்கச்சி நல்லம்," என்றார் செல்லப்பா, அதே பணிவோடு.

இரண்டு பேரும் அசையவில்லை. கடைசியில் ருஷ்தா இசட்டுக்குள் ஆளுக்கொரு ஃபோல்டர் பிரித்துக் கொடுத்தாள். இருவரும் நன்றி சொன்னார்கள். மறுநாள் மத்தியானம், செல்லப்பா சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, கஜலட்சுமி அவருடைய ஃபோல்டரைத் திறந்து கல்யாணங்களை மட்டும் ஓர் ஓரமாக ஒதுக்கிவைத்தாள்.